பொலோனியாவில் சீட் பிடித்த கதை

எங்கள் கம்பெனியில் மிளகாய்த் தூள், மல்லித் தூள், சாம்பார்ப் பொடி எல்லாவற்றையும் பாக்கெட்டில் அடைத்து அனுப்புகிறோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போகிறவர்கள் தும்முகிற தும்மலை வைத்தே அன்றைக்கு எந்தத் தூள் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்தத் தூளை அடைக்கும் மெஷின் இத்தாலியில் பொலோனியா என்கிற ஊரிலிருந்து வருகிறது. வாங்குவதற்கு முன் அங்கேயே ஓட்டிப் பார்த்து, சரிதான் என்று கையெழுத்துப் போட இரண்டு பேர் போக வேண்டும். குவாலிட்டி பிரிவிலிருந்து நான். மெயின்டனன்ஸிலிருந்து எபினேசர்.

எபிண்ணாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கவரைப்பேட்டை பக்கம். மெஷின் மேல் காதை வைத்தால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேறு யாராவது இருந்தால் இத்தாலி என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பார்கள். இவர் ஒரே பிடியாக முடியாது என்றார்.

"அய்ய, நான் வர்லமா. அந்த வாரம் ஞாயித்துக்கெழமதான் எம் பொண்ணு ஷைனிக்கு நிச்சயம். ஏற்கெனவே மாப்ள ஊட்டுல ஒரு சாவுன்னு ஒரு தபா தள்ளிப் போச்சு. இன்னொரு தபா தள்ளுனா சம்பந்தமே வாணாம்னு மாப்ளயோட அப்பா சொல்லிக்கினு இருக்காரு. பொண்ணப் பெத்தவன் நானே இல்லன்னா இன்னா ஆவறது?"

சனிக்கிழமை அங்கே விமானம் ஏறினால் ஞாயிறு காலை சென்னை, நிச்சயம் மாலை நாலு மணிக்குத்தானே என்று மேனேஜர் தாளில் எழுதிக் காட்டின பிறகுதான் சம்மதித்தார். சென்னை ஏர்போர்ட்டில் இமிகிரேஷனைத் தாண்டியதும் தன் பாஸ்போர்ட்டை என் கையில் திணித்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும்மா. எங்கிட்ட இருந்தா எங்கனா உட்டுருவேன்." நானும் பெரிய பொறுப்பாளி மாதிரி வாங்கி, என் தோள்பையில் ஜிப் போட்ட உள்ளறையில் வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கின செவ்வாய்க்கிழமை மழை. ஆனால் பொலோனியாவில் மழைக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் கூரை. வளைவு வளைவாகத் தூண்கள், அவற்றுக்கு மேல் வீடுகள், கீழே நாம் நடக்கலாம். ஒரு மணி நேரம் நடந்தோம், தலையில் ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் தொழிற்பேட்டை ரோட்டில் மழை பெய்தால் பள்ளம் எது ரோடு எது என்று லாரிக்காரருக்கே தெரியாது. எபிண்ணா ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சில தூண்கள் மரம். "இத்தினி வருசமா கரையான் ஏறாம எப்பிடிம்மா வச்சிக்கினு இருக்காங்க?" என்று கேட்டார்.

காபி கேட்டோம். மருந்து பாட்டில் மூடி அளவுக்கு ஒரு கப்பில் கறுப்பாகக் கொஞ்சம் கொடுத்தார்கள். எல்லாரும் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். எபிண்ணா முதல் கப்பைக் குடித்துவிட்டு மீதி எப்போது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் அவருக்கே அது பிடித்துப்போய், ஒரு நாளைக்கு ஆறு கப் என்று ஆகிவிட்டது.

பஸ்ஸில்தான் முதல் அவமானம். நிறுத்தத்தில் ஒழுங்காக நின்றிருந்தோம். எங்கள் நம்பர் பஸ் வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் வந்து நின்ற ஒரு கல்லூரிப் பெண் கையை நீட்டினாள், அவளுக்கு நின்றது. நம் ஊரில் கை காட்டினால் நிற்க மாட்டான், இங்கே கை காட்டாவிட்டால் நிற்க மாட்டான். இத்தனை தூரம் வந்து கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மெஷின் ஓட்டம். எங்கள் தூளிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் மிளகாய்த் தூளை முன்கூட்டியே பார்சலில் அனுப்பியிருந்தோம். மூட்டையைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் முதல் தும்மல். அந்தக் கம்பெனியின் எஞ்சினியர் மார்கோ, அவர் உதவியாளர்கள், கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி வரை ஒவ்வொருவராகத் தும்மிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் மெஷினும்தான். எபிண்ணா மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா பாடுது. ஆனா அந்த மூணாவது கியருல மட்டும் ஒரு சத்தம் கீது" என்றார். மார்கோ மூக்கைப் பொத்தியபடி வந்து திறந்து பார்த்தார். ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதிலிருந்து மார்கோ எபிண்ணாவுக்குக் கதவு திறந்துவிட ஆரம்பித்தார்.

சாப்பாடுதான் எனக்குக் கொஞ்சம் பேஜார். நான் ஆடு, கோழி, மீன் சாப்பிடுகிறவள். மாடும் பன்றியும் வேண்டாம். பொலோனியாவோ இறைச்சிக்குப் பேர் போன ஊர். கடை வாசலில் முழுத் தொடையாகத் தொங்குகிறது. குட்டிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் சூப்பில் போட்டுக் கொடுக்கிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு, உள்ளே பன்றி. எபிண்ணா எல்லாவற்றையும் சாப்பிட்டார். நான் பிட்சாவும் ஐஸ்கிரீமுமாக மூன்று நாள் ஓட்டினேன். ஐஸ்கிரீமைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிஸ்தா ஐஸ்கிரீம் பச்சையாக இல்லாமல் பழுப்பாக இருந்தது, அதுதான் நிஜமான பிஸ்தாவாம்.

கேன்டீனில் எபிண்ணா மெஷினிலிருந்து வந்த முதல் பாக்கெட்டைக் கிழித்துப் பாஸ்தா மேல் தாராளமாகத் தூவிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உதவியாளர்களில் ஒருவர் தைரியமாகத் தட்டை நீட்டினார். கண்ணில் தண்ணீர் வழிய முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மதியமும் தட்டை நீட்டினார்.

வியாழக்கிழமை மாலை கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் சுற்றினோம். இரண்டு கோபுரங்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. குட்டை நன்றாகவே சாய்ந்திருக்கிறது, சுற்றிலும் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். பெரிய சதுக்கத்தில் இரண்டு கிழவர்கள் கைகளை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிதடி ஆகிவிடும் போல இருந்தது. கூட வந்த மார்கோவிடம் என்ன சண்டை என்று கேட்டேன். கவனித்துவிட்டுச் சொன்னார்: "இவர் கறிக்குழம்பில் பால் ஊற்ற வேண்டும் என்கிறார். அவர் ஊற்றினால் தன் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள் என்கிறார்." எங்கள் கேன்டீனில் வடகறிக்குச் சோம்பு போடலாமா என்று நடக்கும் சண்டை நினைவுக்கு வந்தது. சட்டென்று அந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் ஆகிவிட்டது.

சதுக்கத்தின் பக்கத்தில் ஒரு வளைவு மண்டபம் உண்டு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து ஒருவர் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் காதுக்குள் பேசுவது போலக் கேட்கும். எபிண்ணாவை ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு நான் இந்த மூலையில் காதைக் கொடுத்தேன். கல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது: "யம்மா... ரசம் சோறு எங்கனா கெடைக்குமா?" நான் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம் எபிண்ணா சதுக்கத்திலிருந்த பெரிய சர்ச்சுக்குள் போனார். வெகு நேரம் முழங்காலில் இருந்தார். வெளியே வந்ததும் நான் கேட்காமலே, "ஞாயித்துக்கெழம நல்லபடியா முடியணும்மா. அவ்ளோதான் கேட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுதும் எங்களுக்குச் சும்மா. மூன்று நாளாக நான் பிட்சா தின்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மார்கோ, "ரயிலில் அரை மணி நேரம், ஃபெராரா என்று ஓர் ஊர். அங்கே பரங்கிக்காயை உள்ளே வைத்துப் பாஸ்தா செய்வார்கள். அது உங்களுக்காகவே உண்டான சாப்பாடு" என்று அனுப்பிவைத்தார்.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும். நான் இருப்பது பொன்னேரி. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தால் லோக்கல் வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் காலியாக நின்றுகொண்டிருக்கும். ஏறி, ஜன்னலோரம் லஞ்ச் பையைப் போட்டு, எதிரே இருக்கும் அம்மாவிடம் "ஆள் வராங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி டீ குடிப்பேன். வண்டி கிளம்பினால் கிளம்பட்டும், நாலு எட்டில் ஓடித் தொற்றிக்கொள்ளலாம். கதவு என்று ஒன்று இருந்தால்தானே மூட. பதினாறு வருஷமாக இதுதான் பழக்கம்.

பொலோனியா ஸ்டேஷனிலும் ஃபெராரா வழியாக வெனிஸ் போகும் வண்டி அங்கிருந்தே புறப்படுவது. காலியாக நின்றது. பின்னால் ஒரு பெரிய மாணவர் கூட்டம் வந்துகொண்டிருந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. ஏறினேன், ஜன்னலோர சீட்டில் தோள்பையைப் போட்டேன், பக்கத்து சீட்டில் கர்சீப்பை விரித்தேன். எதிரே அறுபது வயதுக்கு மேல் ஓர் அம்மா, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையைக் காட்டி, "ஃபெராரா" என்று சொல்லி, வெளியே காட்டி, இரண்டு விரலைக் காட்டி, கையைக் கூப்பினேன். அவர் தலையை ஆட்டினார். உலகம் முழுக்க ஒரே ரயில்தான் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

எபிண்ணா டிக்கெட்டில் முத்திரை குத்தும் மெஷினிடம் போயிருந்தார். டிக்கெட்டைக் குத்தி முடித்தும் திரும்பி வரவில்லை, மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எபிண்ணா, வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினால், டிங் டிங் என்று ஒரு சத்தம். கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன.

ஓடினேன். புடவையாக இருந்திருந்தால் விழுந்திருப்பேன். கதவில் தட்டினேன். பிடித்துத் தொங்க ஒரு கம்பி கூட இல்லை. சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு வந்து என்னைப் பின்னால் இழுத்தார். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஜன்னலில் என் பை தெரிந்தது. அந்த அம்மா எழுந்து நின்று ஒரு கையைத் தூக்கி ஏதோ சொன்னார்.

"எபிண்ணா... பாஸ்போர்ட்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஸ்டேஷன் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாக இருந்தாள். போனில் பேசினால் அது மொழிபெயர்த்துச் சொல்லும், அப்படித்தான் பேசிக்கொண்டோம். படிவம் கொடுத்தாள். பை என்ன நிறம், உள்ளே என்ன, எந்தப் பெட்டி. நடுவில் மார்கோவுக்குப் போன் செய்தேன். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: பாஸ்போர்ட் போனால் மாற்றுத் தாள் வாங்க மிலானில் இருக்கும் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும், இன்றைக்கு மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது, இனித் திங்கட்கிழமைதான். திங்கட்கிழமை என்ற சொல்லை எபிண்ணாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த வண்டியின் டிக்கெட் பரிசோதகரிடமிருந்து பதில் வந்தது. ஃபெராரா தாண்டியதும் பெட்டி முழுக்கத் தேடிவிட்டார். கேட்பாரற்ற பை எதுவும் இல்லை.

எபிண்ணா எழுந்தார். "வா, ஃபெராராவுக்கே போலாம். டிக்கெட் கீது. இங்க குந்திக்கினு இன்னா பண்றது? எட்த்தவன் எறங்குன எடத்துல துட்ட மட்டும் எட்த்துக்கினு மீதிய குப்பத் தொட்டில போட்ருப்பான். நம்ம ஊர்ல பர்ஸ் அடிக்கிறவன் அப்பிடித்தான பண்றான்?"

அந்த அரை மணி நேரமும் சீட் நிறையக் காலியாக இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் கதவருகிலேயே நின்றுகொண்டு போனோம்.

ஃபெராரா ஸ்டேஷனில் இறங்கியதும் எபிண்ணா வேலையைப் பிரித்தார். அங்கே குப்பையைத் தனித்தனியாகப் போடுகிறார்கள், காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. "பாஸ்போர்ட் பேப்பருதான? காகிதத்த நீ பாரு, மீதிய நான் பாத்துக்கறேன்." பிளாட்பாரத்து முனையிலிருந்து தொடங்கினோம். கோட்டு சூட்டு போட்டவர்கள் விலகிப் போனார்கள். எபிண்ணா முழங்கை வரை ஒரு தொட்டிக்குள் இருந்தபோதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

பெஞ்சில் ரயிலில் பார்த்த அந்த அம்மா. மடியில் என் பை, அதைச் சுற்றி அவருடைய இரண்டு கை. எங்களைப் பார்த்து இத்தாலிய மொழியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் வாங்குகிற திட்டு என்ன திட்டு என்று தெரியாமல் போகுமா? ஓடிப்போய்க் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். ஜிப்பைத் திறந்தேன். இரண்டும் இருந்தன.

போனை நீட்டினேன். அது இரும்புக் குரலில் சொன்னது: "மூன்று ரயில் வந்து போய்விட்டது. அடுத்த ரயிலில் வர வேண்டியதுதானே? அதுதானே முறை? பரிசோதகர் இது யாருடைய பை என்று கேட்டார். என்னுடையது என்று பொய் சொன்னேன். கொடுத்திருந்தால் அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நீ பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். நான் தலையாட்டினேன். எனக்குப் பல் வைத்தியரிடம் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதுவும் போயிற்று."

அப்போதுதான் கன்னம் வீங்கியிருப்பதைக் கவனித்தேன்.

எபிண்ணா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். போனைக் கேட்கவில்லை, நேராகத் தமிழிலேயே பேசினார். "எம் பொண்ணுக்கு நிச்சயம்மா. நான் போய் நிக்கணும்மா. இப்ப உங்களாலதாம்மா போறேன்." அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டி, அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். உடனே தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

பெயர் ஃப்ராங்கா. வைத்தியர் போனில் ஐந்து மணிக்கு வரச் சொன்னதும் எங்களை விடாமல் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பரங்கிக்காய்ப் பாஸ்தா வந்தது. தொப்பி மாதிரி மடித்து, உள்ளே இனிப்பாகப் பரங்கிக்காய், மேலே வெண்ணெயில் பொரித்த ஏதோ இலை. அந்த இலையை நான் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கி வைத்தேன். ஃப்ராங்கா அதை எடுத்து என் வாயில் வைத்தார். எபிண்ணா சட்டைப் பையிலிருந்து மிளகாய்ப் பாக்கெட்டை எடுத்தார். படார் என்று கை மேல் ஓர் அடி விழுந்தது. பாவம், ஃப்ராங்காவால் சூப் மட்டும்தான் குடிக்க முடிந்தது, அதுவும் ஒரு பக்கமாக. ஊர் நடுவே நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கோட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் காட்டினார். கோட்டையை விடச் சைக்கிள்களைத்தான் அதிகம் பார்த்தேன், அவரைப் போன்ற வயதானவர்கள் விர்ரென்று ஓட்டுகிறார்கள். ஐந்து மணிக்கு வைத்தியர் வாசலில் அவரை விட்டுவிட்டுப் பொலோனியா திரும்பினோம். இந்த முறை பை என் கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

ஞாயிறு நாலு மணிக்குக் கவரைப்பேட்டை மண்டபத்தில் எபிண்ணா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். பெண்ணைப் பெற்றவர் எழுந்து நிற்கட்டும் என்று பாஸ்டர் சொன்னதும் எழுந்து நின்றார்.

பிரியாணிப் பந்தியில் அவர் மனைவி ரூத் என் இலையில் ஒரு பெரிய கறித்துண்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், இவரு பாஸ்போர்ட் பைய ட்ரெயின்ல வச்சிட்டு எறங்கிட்டாராமே! நீங்கதான் ஓடி ஓடித் தேடி எட்த்துக் குட்த்தீங்களாம். நீங்க மட்டும் இல்லன்னா இன்னைக்கு இன்னா ஆயிருக்கும்!" என் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு எபிண்ணாவைத் தேடிப் போனேன்.

கை கழுவுகிற இடத்தில் எபிண்ணாவைப் பிடித்தேன். "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"உடும்மா. நான் தொலைச்சேன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு மறந்துருவா. நீ தொலைச்சேன்னா, உன்னப் பாக்கறப்பல்லாம் அவளுக்கு அதுதான் நெனப்பு வரும். நீ நாளைக்கி எங்க ஊட்டுக்கு வரணும்ல?"

இரண்டு நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை. புதன்கிழமை ரூத்துக்குப் போன் செய்து, சீட்டில் பையைப் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சரி, அவ்வளவுதான், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன்.

"அந்த அம்மாவுக்குப் பல்லு வலி சரியாப் பூட்ச்சா சிஸ்டர்?" என்று கேட்டார் ரூத்.